நகலுக்கு மனம் மாறுமா?

மனித மனம் மூளையின் வேலை, அதற்குமேல் அதில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர் டேனியல் டெனட். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர். 2022-ல் அவருக்கு எண்பது வயது. அந்த ஆண்டு எரிக் ஷ்விட்ஸ்கெபல், அன்னா ஸ்ட்ராசர், மேத்யூ கிராஸ்பி என்ற மூன்று ஆய்வாளர்கள் அவருடைய சம்மதத்தோடு ஒரு சோதனையைச் செய்து வெளியிட்டார்கள். அன்று பெரிதாகப் பேசப்பட்ட ஜிபிடி-3 என்ற மொழி மாதிரிக்கு டெனட்டின் நூல்களிலும் கட்டுரைகளிலும் பெரும்பகுதியைக் கொடுத்து, அவரைப் போலப் பதில் சொல்லப் பழக்கினார்கள். பிறகு பத்துக் கேள்விகள். மனிதருக்குச் சுதந்திர விருப்பம் உண்டா, நாய்க்கும் சிம்பன்சிக்கும் வலி தெரியுமா, நம்பிக்கைகள் கொண்ட ஒரு ரோபோவை உருவாக்க முடியுமா என்பது போன்றவை. ஒவ்வொன்றுக்கும் டெனட் ஒரு பதில் எழுதினார். இயந்திரம் நான்கு பதில்கள் தந்தது. ஐந்தையும் கலந்து வைத்து, இவற்றில் டெனட் எழுதியது எது என்று கேட்டார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தாலே ஐந்துக்கு ஒன்று, அதாவது 20 சதவீதம் சரியாக வரும். டெனட்டின் எழுத்தில் ஊறிய 25 நிபுணர்கள் 80 சதவீதமாவது சரியாகச் சொல்வார்கள் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்த்தார்கள். வந்தது 51 சதவீதம். பொதுமக்களோ ஏறக்குறையக் குருட்டுக் கணக்கிலேயே நின்றார்கள். இயந்திரத்தின் பதில்களைப் படித்த டெனட், சிலவற்றுக்குக் கீழே தானே கையெழுத்துப் போடலாம் என்றும், சில வெறும் உளறல் என்றும் சொன்னார்.

இறந்தவரை இயந்திரத்தில் பேசவைப்பது, நம்மையே கணினியில் ஏற்றிச் சாகாவரம் பெறுவது என்றெல்லாம் இப்போது நிறையப் பேசப்படுகிறது. அந்தப் பேச்சுக்குள் நுழைய இந்தச் சோதனையைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. இங்கே துக்கம் குறுக்கே நிற்கவில்லை, எவரும் எதையும் விற்கவில்லை. உயிரோடிருந்த ஒரு மனிதரையும் அவருடைய நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்திருக்கிறார்கள்.

நகல் வேலை செய்யும் விதத்தையும் பார்த்துவிடுவோம். மொழி மாதிரி கற்பது ஒரே ஒரு வித்தைதான். இதுவரை வந்த சொற்களைப் பார்த்து, அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணிக்க வேண்டும். கணக்கில்லாத பக்கங்களை அதன் முன் ஓடவிட்டு, கணிப்பு பிசகும்போதெல்லாம் உள்ளே இருக்கும் எண்களை இம்மியளவு திருத்துகிறார்கள். ஜிபிடி-3-ல் அப்படிப்பட்ட எண்கள் 17,500 கோடி. பொதுமொழியை இப்படிக் கற்ற இயந்திரத்துக்கு, அதற்குப் பிறகு ஒருவருடைய எழுத்தை மட்டும் தனியே கொடுத்துப் பயிற்சி தந்தால், அந்த எண்கள் அவர் பக்கம் சற்றுச் சாய்கின்றன. அவர் வாதத்தைத் தொடங்கும் விதம், கைக்கு வரும் உதாரணங்கள், எதிராளியை மடக்கும் இடம் எல்லாம் அந்தச் சாய்வுக்குள் வந்துவிடுகின்றன. டெனட் எழுதாமல் விட்டது எதுவும் அங்கே இல்லை. இருந்தும் அவரை நன்கு அறிந்தவர்களே ஏறக்குறையப் பாதிக் கேள்விகளில் ஏமாந்தார்கள் என்றால், மனிதர்கள் எவ்வளவு தூரம் தங்கள் பழைய தடத்திலேயே ஓடுகிறார்கள் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

துக்கத்திலிருந்து பிறந்த நகல்களின் கதை இதற்குச் சில ஆண்டுகள் முந்தையது. 2015 நவம்பரில் மாஸ்கோவில் கார் மோதி ரோமன் மசுரென்கோ என்ற இளைஞர் இறந்தார். அவருடைய நெருங்கிய தோழி யூஜீனியா கூய்டா, சாட்பாட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தை நடத்திவந்தவர். தோழர் போன பிறகு, அவர் அனுப்பிய பழைய மெசேஜ்களைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு நண்பர்களிடமும் குடும்பத்தாரிடமும் கேட்டு, ரோமன் எழுதிய எட்டாயிரத்துக்கும் அதிகமான வரிகளைச் சேர்த்தார். 2016-ல் அந்த வரிகளிலிருந்து ஒரு சாட்பாட் பேசத் தொடங்கியது. ரோமனே சாவைப் பற்றிப் புதிதாக யோசித்தவர்தான். மட்கும் உறையில் உடலைப் புதைத்து, அதன்மேல் மரம் வளர்த்து, இடுகாடுகளைக் காடுகளாக்க வேண்டும் என்ற திட்டம் ஒன்றை அவர் எழுதிவைத்திருந்தார்.

சாட்பாட்டோடு பேசிய ரோமனின் தாய்க்கு, மகனைப் பற்றித் தான் அறியாத சில விஷயங்கள் கிடைத்தன. அவர் அதை வரவேற்றார். தந்தைக்கு அது கடினமாக இருந்தது. மகன் சொல்லியிருக்க மாட்டான் என்று படும் பதில்கள் அவர் கண்ணில் பட்டன. சில நண்பர்கள் அதைத் தொடவே மறுத்தார்கள். கூய்டாவுக்கு அந்த உரையாடல்களிலிருந்து ஓர் உண்மை தெரிந்தது. வந்தவர்களில் பலர் ரோமன் என்ன சொல்கிறார் என்று கேட்பதைவிட, உயிரோடிருந்தபோது அவரிடம் சொல்லாமல் விட்டதைச் சொல்லத்தான் வந்தார்கள். அந்தப் பேச்சில் ஏதாவது மாறியிருந்தால், அது பேச வந்தவர்களிடம் மாறியது. அந்தப் பக்கம் இருந்த எட்டாயிரம் வரிகள் அப்படியே இருந்தன.

அதே காலத்தில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் விளாஹோஸ் வேறு வழியில் போனார். 2016-ல் அவருடைய தந்தைக்கு முற்றிய நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. மகன் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்து தந்தையின் பிள்ளைப்பருவம், காதல், வேலை, வேடிக்கைக் கதைகள், பாட்டு எல்லாவற்றையும் பதிவுசெய்தார். எழுத்தில் பெயர்த்தபோது அது 91,970 சொற்களாக வந்தது. அதைக் கொண்டு அவர் செய்த சாட்பாட்டைத் தந்தை தம் கண்ணாலேயே பார்த்தார். 2017 பிப்ரவரியில் காலமானார். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. விளாஹோஸின் தந்தை, தாம் எதற்காகப் பேசுகிறோம் என்று அறிந்து பேசினார். ரோமன் தம் மெசேஜ்களை நண்பர்களுக்குத்தான் அனுப்பினார்.

எட்டாயிரம் வரி, 91,970 சொல், ஒரு வாழ்நாளின் நூல்கள். ஒரு மனிதரைப் பிடிக்க எவ்வளவு போதும்? 2024-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜூன் சுங் பார்க்கும் அவருடைய கூட்டாளிகளும் இதை 1,052 அமெரிக்கர்களிடம் சோதித்தார்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு மணி நேர நேர்காணல். கேள்வி கேட்டதும் செயற்கை நுண்ணறிவுதான். வளர்ந்த விதம், படிப்பு, வேலை, குடும்பம், அரசியல் என்று வாழ்க்கைக் கதை முழுக்க விசாரித்தது. அந்தப் பேச்சின் எழுத்துப்படியை மொழி மாதிரியிடம் கொடுத்து, இவராக இருந்து பதில் சொல் என்றார்கள். பின்னர் அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் பொதுச் சமூகக் கணக்கெடுப்பின் கேள்விகளை மனிதரிடமும் கேட்டார்கள், நகலிடமும் கேட்டார்கள். நகல் 85 சதவீதம் துல்லியம் என்று செய்தி பரவியது.

அந்த எண்ணை நிதானமாகப் படிக்க வேண்டும். அதே மனிதர்களிடம் அதே கேள்விகளை இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கேட்டிருந்தார்கள். முதல் முறை சொன்னதோடு இரண்டாம் முறை சொன்னது முழுக்கப் பொருந்தவில்லை. ஒருவர் தம்மோடு தாம் எவ்வளவு பொருந்துகிறாரோ அதை முழு மதிப்பெண்ணாக வைத்து, நகல் அதில் 85 சதவீதத்தை எட்டியது. அந்த எண்ணுக்கு அதுதான் பொருள்.

எனக்கு இந்த ஆய்வில் நகலின் சாமர்த்தியத்தைவிடப் பெரிய வியப்பு, அளவுகோலாக நின்ற மனிதர்களே அசைந்ததுதான். இரண்டே வாரத்தில்! அவற்றில் சில வெறும் கவனக்குறைவாக இருக்கும். ஆனால் சிலர் இடையில் ஒரு செய்தியைப் படித்திருப்பார்கள், ஒருவரோடு சண்டை போட்டிருப்பார்கள், கேள்வியை மறுபடி கேட்டபோது முன்பு சொன்னது தமக்கே உறுத்தியிருக்கும். நேர்காணல் நடந்த நாளிலேயே நகல் நின்றுகொண்டிருக்க, ஆள் நகர்ந்துவிட்டார். ஒருவருடைய பழைய பதில்களோடு நூற்றுக்கு நூறு பொருந்தும் நகல் ஒன்று நாளை வந்தால், அது அந்த ஒரு விஷயத்திலேயே அவரிடமிருந்து விலகி நிற்கும்.

வெளியே விழுந்த சொற்களை வைத்துப் பிரதி எடுப்பது ஒரு வழி. இன்னொரு வழி உள்ளிருந்து தொடங்குகிறது. மூளையின் ஒவ்வொரு நியூரானையும் அவற்றுக்கிடையிலான ஒவ்வொரு இணைப்பையும் வரைந்து, அந்த வரைபடத்தைக் கணினியில் ஓடவிட்டால் அதே மனம் அங்கே விழித்தெழும் என்பது அதன் நம்பிக்கை. மனம் மூளையின் வேலை என்றால் இது கொள்கை அளவில் நடக்கக்கூடியதுதானே? நானும் கொள்கையில் மறுக்க மாட்டேன். ஆனால் இந்த வழியில் இதுவரை நடந்திருப்பது எந்தக் கதையைவிடவும் சுவையானது. அதை ஒரு புழுவிலிருந்து சொல்லத் தொடங்க வேண்டும்.

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப்புழு, ஒரு மில்லிமீட்டர் நீளம். இருபாலுடலிப் புழு ஒவ்வொன்றிலும் சரியாக 302 நியூரான்கள். சிட்னி பிரென்னரின் முயற்சியில் கேம்பிரிட்ஜில் ஒரு குழு இந்தப் புழுவை மெல்லிய சீவல்களாக அறுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுத்து, ஒவ்வொரு நரம்பு இழையும் எங்கே போகிறது என்று கையாலேயே தொடர்ந்து சென்று வரைந்தது. ஜான் வைட் முதல் ஆசிரியராக இருந்த அந்தக் கட்டுரை 1986-ல் வெளிவந்தது. ஓர் உயிரின் நரம்பு மண்டலம் முழுமையாக வரையப்பட்ட முதல் தருணம் அது. அதற்குப் பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. கணினிகளின் திறன் எத்தனையோ மடங்கு பெருகிவிட்டது. இன்றுவரை அந்தப் புழுவை, பசித்தால் தேடி, கெட்ட உணவை ஒருமுறை தின்று நோய்ப்பட்டால் அடுத்த முறை விலகிப்போகும் அந்த முழுப் புழுவை, கணினிக்குள் எவராலும் எழுப்ப முடியவில்லை. 302 நியூரான்கள்தான்.

ஏன்? ஓர் ஊரின் தெரு வரைபடம் கையில் இருப்பதால் அந்த ஊரில் இன்று காலை யார் யாரிடம் என்ன பேசினார் என்று தெரிந்துவிடாது. ஓர் இணைப்பு எவ்வளவு வலுவானது, அடுத்த நியூரானைத் தூண்டுகிறதா அடக்குகிறதா என்பதைக் கோடு மட்டும் சொல்வதில்லை. அதோடு, எல்லாச் செய்தியும் கோட்டின் வழியாகப் போவதுமில்லை. நியூரோபெப்டைடு என்ற சிறு மூலக்கூறுகள் கசிந்து பரவி, இணைப்பே இல்லாத தொலைவில் உள்ள நியூரானின் போக்கையும் மாற்றுகின்றன. புழுவில் இந்தக் கம்பியில்லாப் பேச்சுக்கான வரைபடம் 2023-ல்தான் வெளிவந்தது. அது கம்பி வரைபடத்தைவிடவும் அடர்த்தியாக இருந்தது.

பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் ஈவ் மார்டர் நண்டின் இரைப்பையை ஆட்டுவிக்கும் ஒரு சின்ன நரம்பு முடிச்சைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். அதில் சுமார் முப்பது நியூரான்கள். இணைப்புகள் எல்லாம் தெரியும். அதே இணைப்புகளின்மேல் வேறு வேறு வேதிப்பொருள்கள் படும்போது அது வேறு வேறு தாளங்களில் துடித்தது. இது ஒரு வியப்பு. 2004-ல் அவருடைய குழு கணினி மாதிரிகளில் காட்டியது அதற்கு நேரெதிரான வியப்பு. உள்ளே இருக்கும் அளவுகள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டாலும் வெளியே ஒரே தாளம் வரமுடியும். ஒரே தாளம் கேட்கிறது என்பதால் இரண்டின் உள்ளும் ஒன்று என்று சொல்ல முடியாது. இந்த இரண்டாவது முடிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு டெனட்டின் நகல் நினைவுக்கு வரும்.

இதற்கிடையில் வரைபடங்கள் பெரிதாகிக்கொண்டே வருகின்றன. வளர்ந்த பழ ஈயின் மூளை முழுதும் 2024 அக்டோபரில் வெளியானது: 1,39,255 நியூரான்கள், ஐந்து கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள். அதே ஆண்டு ஹார்வர்டின் ஜெஃப் லிக்ட்மன் குழுவும் கூகுளும் மனித மூளையின் ஒரு துணுக்கை வெளியிட்டன. வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சையில் ஒரு பெண்ணின் மூளையிலிருந்து எடுக்கப்பட்ட அந்தத் துணுக்கின் அளவு ஏறக்குறைய ஒரு கன மில்லிமீட்டர். அதை 5,000-க்கும் மேற்பட்ட சீவல்களாக அறுத்தார்கள். சுமார் 57,000 செல்கள், 15 கோடி இணைப்புகள், 1,400 டெராபைட் தரவு. முழு மூளை இதைப் போலப் பன்னிரண்டு லட்சம் மடங்கு பெரியது. அதில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். அந்தப் படங்களைத் திரையில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை எத்தனை அழகானவை என்று. தம்மைத்தாமே சுற்றிச் சுருண்டு முடிச்சிட்டுக்கொண்ட நரம்பு இழைகளைக்கூட அதில் கண்டார்கள். அவை எதற்கு என்று எவருக்கும் தெரியாது.

இதையெல்லாம் பார்த்து அவசரப்பட்டவர்களும் உண்டு. 2018-ல் நெக்டோம் என்ற அமெரிக்க நிறுவனம், மூளையை ரசாயனத்தால் உறையவைத்துப் பாதுகாத்து, என்றாவது ஒருநாள் அதிலிருந்து மனதைப் படித்தெடுக்கலாம் என்றது. அந்த முறையில் ரத்தக் குழாய் வழியாக ரசாயனம் ஏற வேண்டும், அதனால் ஆள் சாவது உறுதி என்பதை நிறுவனரே மறைக்கவில்லை. அதோடு தொடர்பிலிருந்த அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் அந்தத் தொடர்பைத் துண்டித்துக்கொண்டது.

உறையவைத்தாலும் எந்த நொடியை உறையவைப்பது? இங்கே நினைவைப் பற்றிய ஒரு சோதனையைச் சொல்லியாக வேண்டும். 2000-ல் நியூயார்க்கில் கரீம் நாடரும் ஜோசப் லெடூவும் அவர்களுடைய கூட்டாளியும் எலிகளுக்கு ஓர் ஒலியைக் கேட்கவைத்து, கூடவே சிறு மின்னதிர்ச்சி தந்து, அந்த ஒலிக்குப் பயப்படப் பழக்கினார்கள். அந்தப் பயம் நன்றாகப் பதிந்த பிறகு ஒலியை மட்டும் மறுபடி ஒலிக்கவிட்டு, அதாவது நினைவைத் தட்டி எழுப்பி, உடனே புதிய புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தை மூளையின் பயப் பகுதியில் செலுத்தினார்கள். அடுத்த நாள் எலிகளின் பயம் பெரிதும் போய்விட்டது. நினைவைத் தட்டாமல் மருந்தை மட்டும் கொடுத்த எலிகள் முன்போலவே பயந்தன. பதிந்துபோன நினைவும் எடுக்கப்படும்போது இளகுகிறது, திரும்ப வைக்கப்படும்போது புதிதாகக் கட்டப்படுகிறது. நம் பாட்டி சொன்ன கதையை நாம் நூறு முறை நினைத்திருந்தால் அது நூறு முறை திரும்பக் கட்டப்பட்டிருக்கிறது. பிரதி எடுக்க வருபவருக்கு அங்கே அசையாமல் இருக்கும் மூலப்படி என்று எதுவும் கிடைக்காது.

ஆள் யார் என்ற கேள்வியைத் தத்துவம் கணினிக்கு வெகுமுன்பே கேட்டிருக்கிறது. 1694-ல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் ஆங்கிலேய அறிஞர் ஜான் லாக் ஒரு கற்பனையை வைத்தார். ஓர் இளவரசனின் ஆன்மா, தன் நினைவுகள் அனைத்தோடும் ஒரு செருப்புத் தைப்பவரின் உடலுக்குள் புகுந்தால், அங்கே நிற்பவர் யார்? நினைவு எவருடையதோ அவரே அந்த ஆள் என்றார் லாக். இதே கதையை ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லியிருக்கிறார், அதுவும் இன்னும் நுட்பமாக. காவிரிக் கரையில் சாத்தனூர் அருகே மாடு மேய்க்கும் மூலன் இறந்துகிடக்க, பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறுகின்றன. வடக்கிலிருந்து வந்த சிவயோகி பசுக்களின் துயரம் தாங்காமல் தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனின் உடலில் புகுகிறார். பசுக்கள் தேறிவிடுகின்றன. மாலையில் தேடிவந்த மூலனின் மனைவி அழைத்தபோது, உனக்கும் எனக்கும் உறவு எதுவும் இல்லை என்கிறார் அவர். மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் வந்து பார்த்து, இவர் மூலன் இல்லை, பெரும் யோகி என்று கண்டுகொள்கிறார்கள். அவரே திருமூலர் ஆகிறார்.

இந்தக் கதையைப் படிக்கும்போது என் மனம் யோகியைவிட அந்தப் பெண்ணிடமே நிற்கிறது. முகம் அதே, குரல் அதே, கை கால் அதே. அவள் கூப்பிட்ட ஆள் வரவில்லை. மசுரென்கோவின் தந்தை சாட்பாட்டின் பதில்களில் கண்டதும் அதுதான் என்று நினைக்கிறேன். எது மிஞ்சியது என்பது மட்டுமே இங்கே மாறியிருக்கிறது. மூலனின் வீட்டில் உடல் இருந்தது, ஆள் இல்லை. இப்போது சொற்கள் இருக்கின்றன, ஆள் இல்லை.

தாராளமாக யோசித்தவர் டெரெக் பார்ஃபிட். 1984-ல் வெளிவந்த அவருடைய நூலில், ஒருவரின் உடலணு ஒவ்வொன்றையும் படித்து, அந்தத் தகவலைச் செவ்வாய்க்கு அனுப்பி அங்கே அப்படியே உருவாக்கும் இயந்திரம் வருகிறது. ஒருநாள் இயந்திரம் இங்கே இருப்பவரை அழிக்காமல் விட்டுவிடுகிறது, இப்போது இருவர். இவர்களில் உண்மையானவர் எவர் என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்பது பார்ஃபிட்டின் வாதம். என் எண்ணங்கள், ஆசைகள், நினைவுகள் தொடர்ந்தால் அதுவே போதும், அதே ஆளா என்ற கேள்விக்கு நாம் நினைக்கும் எடை கிடையாது என்றார். இதை ஏற்பவர்கள் நிறையப் பேர். நான் பாதி ஏற்கிறேன். ஆனால் கவனியுங்கள், செவ்வாயில் எழுந்தவர் அதற்குப் பிறகும் வாழ்கிறார். அவருக்கு நாளை பசிக்கும், யாரையாவது பிடிக்காமல் போகும், ஒருவேளை தத்துவத்தையே விட்டுவிடுவார். இன்றைய நகல்கள் பார்ஃபிட்டின் தாராளமான அளவுகோலுக்குக்கூட எட்டாமல் நிற்பது இந்த இடத்தில்தான்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. நகலுக்கும் நினைவைக் கொடுக்கலாமே, ஒவ்வோர் உரையாடலிலிருந்தும் அது கற்றுக்கொண்டு மாறட்டுமே? முடியும், இப்போதே ஓரளவு நடக்கிறது. ஆனால் அப்படி மாறும் நகல் தன்னோடு பேசுபவர்களின் இழுப்பில் மாறும். மகளோடு பேசும் தந்தையின் நகல், மகள் கேட்க விரும்பும் தந்தையாக மெல்ல மெல்ல ஆகிவிடும். மனிதர் மனம் மாறும்போது அதற்கு அவர் விலை கொடுக்கிறார். நண்பரை இழக்கிறார், வேலையை விடுகிறார், தூக்கத்தைத் தொலைக்கிறார். நகலுக்கு அப்படி இழக்க எதுவும் இல்லை. ஒருவேளை என்றாவது இழக்கக்கூடிய, தனக்கென்று ஒரு வாழ்வுள்ள இயந்திரம் ரோமனின் வரிகளிலிருந்து தொடங்கி வளருமானால், ஐந்து ஆண்டுகளில் அது இன்னோர் ஆளாகிவிடும். அதை ரோமனின் வாரிசு என்பேன், ரோமன் என்று சொல்ல மாட்டேன்.

இயந்திரத்துக்கு மனம் வாய்க்கலாம் என்பதைக் கொள்கையில் ஒருபோதும் மறுக்காத டெனட், 2023-ல் தி அட்லாண்டிக் இதழில் கடுமையாக ஒரு கட்டுரை எழுதினார். போலி மனிதர்களை உருவாக்குவது கள்ள நோட்டு அடிப்பதைவிட ஆபத்தானது, அதற்குத் தண்டனை வேண்டும் என்பது அதன் சாரம். மக்கள் ஒருவரை ஒருவர் நம்புவதே அதில் கெட்டுப்போகும் என்று அஞ்சினார். 2024 ஏப்ரலில் காலமானார்.

அவர் அஞ்சியது எவ்வளவு நல்லெண்ணத்தோடும் நடக்கலாம் என்பதற்கு 2025 மே மாதம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு சான்று கிடைத்தது. சாலைத் தகராறில் சுடப்பட்டு இறந்த ஒரு முன்னாள் ராணுவ வீரரின் வழக்கில் தண்டனை அறிவிக்கும் நாள். இறந்தவரின் குடும்பம் அவருடைய முகத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி நீதிமன்றத்தில் பேசவைத்தது. தான் மன்னிப்பில் நம்பிக்கை உள்ளவன் என்று அந்த உருவம் கொலையாளியை நோக்கிச் சொன்னது. வாசகங்களை எழுதியது சகோதரி. அவரே இன்னும் மன்னிக்கவில்லை. தம்பி இருந்திருந்தால் மன்னித்திருப்பான் என்று நம்பி எழுதினார். நீதிபதி அந்தக் காணொளியைப் பாராட்டிப் பேசிவிட்டு, பத்தரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்.

அந்தச் சகோதரியின் அன்பில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. ஆனாலும் இந்தச் செய்தி என்னைத் தொந்தரவு செய்கிறது. தம்பிக்கு என்ன பிடிக்கும், எப்படிப் பேசுவான் என்று ஊகிக்கலாம். மன்னிப்பு அப்படி ஊகித்துக் கொடுக்கக்கூடியதா? சுடப்பட்டவர் மட்டுமே, அதுவும் சுடப்பட்ட பிறகு மட்டுமே எடுக்கக்கூடிய முடிவு அது. வாழ்நாள் முழுக்க எல்லோரையும் மன்னித்த ஒருவர் இந்த ஒருமுறை மறுத்திருக்கலாம். மறுக்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தால்தான் அது அவருடைய மன்னிப்பு.

நம் ஊரில் இது குரலாக வந்து சேர்ந்திருக்கிறது. 2024-ல் வெளிவந்த 'லால் சலாம்' படத்தில் ஏ. ஆர். ரகுமான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் பயன்படுத்தினார். குடும்பங்களின் அனுமதி பெற்றதாகவும் ஊதியம் கொடுத்ததாகவும் அவரே வெளிப்படையாக அறிவித்தார். மாறாக, எஸ். பி. பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவருடைய குடும்பம் அதே காலத்தில் நோட்டீஸ் அனுப்பியது. 2018-ல் மறைந்த மு. கருணாநிதி 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாத் திரையில் தோன்றி வாழ்த்துப் பேசினார். சாகுல் ஹமீது 1997-ல் இறந்தபோது இப்படி ஒரு கேள்வி தம்மிடம் கேட்கப்படலாம் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார். குடும்பம் சொன்ன சரி அவருடைய சரியா என்பதை அறிய வழியே இல்லை. ரகுமான் செய்தது இன்றைய நிலையில் நேர்மையான வழி என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் பாடகர் என்பவர் பாட மறுக்கவும் உரிமை உள்ளவர்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? ஜெயலலிதாவின் வாழ்க்கையைத் தழுவிய படத்தை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தொடுத்த வழக்கில் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம், ஒருவர் வாழ்நாளில் ஈட்டிய தனியுரிமையும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடுகின்றன, சொத்தைப் போல அவை வாரிசுக்கு வருவதில்லை என்றது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இறந்தவர்களை உள்ளடக்கவில்லை. 2023-ல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது. அதன் 14-ஆம் பிரிவின்படி, இறந்த பிறகோ செயலிழந்த பிறகோ தம் தரவு உரிமைகளைக் கையாள ஒருவரை நியமித்து வைக்கலாம். வங்கிக் கணக்குக்கு நாமினி போடுவதைப் போலத்தான்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தோமாஷ் ஹொலானெக்கும் கதார்சினா நோவாசிக்-பஸின்ஸ்காவும் 2024-ல் எழுதிய கட்டுரையில், இறந்தவர் நகல்களுக்கும் கண்ணியமாக ஒரு முடிவு நாள் வேண்டும், பாட்டியின் குரல் பேரனிடம் விளம்பரம் பேசக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். நியமிக்கப்படும் நாமினிக்கு இதையெல்லாம் யாராவது எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எந்த மெசேஜ்களைத் தொடலாம், எவற்றை அழிக்க வேண்டும், பதிவான குரலை அப்படியே கேட்கவைத்தால் போதுமா, அதிலிருந்து புதிய வாக்கியங்களை உருவாக்கலாமா, எத்தனை ஆண்டு, யாருக்கு மட்டும். நானும் அப்படி ஒரு தாள் எழுதிவைத்திருக்கிறேன். அதில், என் பழைய ஒலிப்பதிவுகள் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் கேட்கட்டும் என்று எழுதியிருக்கிறேன். நான் சொல்லாத ஒரு வாக்கியத்தைக்கூட என் குரலில் உருவாக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறேன். கீழே தேதி போட்டிருக்கிறேன். பின்னால் வேறு மாதிரி நினைத்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதுவேன்.